நேரில் கண்டேன்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அலுவலகத்தில் கடைநிலை ஊழியரிலிருந்து மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவர் 'பின்குறிப்பு'. முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். பொருத்தமாக வைத்த பெயருக்குக் கோபித்துக்கொள்வது நேர்மையில்லை என்பது அவர் கட்சி.

பெயர் வந்த கதை அவருடைய பிறந்த தேதியிலிருந்து தொடங்குகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று அவருக்கு வயது ஏழு மாதம் போதவில்லை. அவருடைய அப்பா கொஞ்சம்கூடத் தயங்காமல் ஏழு மாதத்தை முன்னால் தள்ளி ஒரு தேதி சொன்னார், தலைமையாசிரியரும் எழுதிக்கொண்டார். உலகத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான் வயது வைக்கிறார்கள், யாரும் அதனால் கெட்டுப்போகவில்லை. ஆனால் அதே அப்பாதான் தினமும் சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பிரார்த்தனை செய்துவிட்டு, நாம் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் மேலே ஒருத்தர் எழுதிக்கொண்டே இருக்கிறார் என்று சொல்கிறவர். பையன் இரண்டையும் சேர்த்துப் பார்த்தான். மேலே ஒரு தேதி, கீழே ஒரு தேதி. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் அவன்தான், வாயைத் திறக்காமல் இருந்தவனும் அவன்தான்.

வளர்ந்து வேலைக்கு வந்ததும் அந்தத் தேதியைத் திருத்த நடையாய் நடந்தார். வீட்டில் பிறந்தவருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கிருந்து வரும்? கடைசியில் ஓர் அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏன் இவ்வளவு மெனக்கெடறீங்கன்னு இப்பத்தான் புரியுது. தேதி மாறினா ஏழு மாசம் கூடுதலா வேலை பார்க்கலாம், இல்லையா?" என்று கேட்டார். மனுஷன் வெலவெலத்துப் போனார். அந்தக் கோணம் அவருக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியதில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்து, ஒரு வாரம் யோசித்து, மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தப் படிவத்தில் பிறந்த தேதி எழுதினாலும் அடியில் சின்ன எழுத்தில் ஒன்று சேர்ப்பார்: 'பி.கு.: மேற்கண்ட தேதி பள்ளிப் பதிவேட்டின்படி. உண்மையான தேதி இதற்குச் சுமார் ஏழு மாதம் பிந்தியது என்று என் தாயார் சொல்லக் கேள்வி.'

ஒரு படிவத்தில் தொடங்கியது எல்லாப் படிவத்துக்கும் பரவியது. நூலக அட்டையில் முகவரிக்கு அடியில் பி.கு. வங்கியில் 'விதிமுறைகளைப் படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற இடத்தில், 'பி.கு.: படித்தேன். நான்காம் பக்கம் புரியவில்லை.' விடுப்பு விண்ணப்பத்தில் தலைவலி என்று எழுதிவிட்டு, 'பி.கு.: பதினொரு மணிக்குமேல் பெருமளவு குறைந்துவிட்டது.' அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குக் கோடு போட்ட இடமெல்லாம் பொய்.

வீட்டில் அவர் மனைவி பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பவள். தையல் இயந்திரம் இருந்த அறையின் மூலையில் சுவரைப் பார்த்தபடி ஒரு மர நாற்காலி கிடக்கும். அதில்தான் அவர் காலையிலும் சாயங்காலமும் உட்கார்ந்து பிரார்த்தனை செய்வார். சாயங்காலப் பிரார்த்தனை முடிந்ததும் இன்னொரு பத்து நிமிஷம் உண்டு. அது கடவுளுக்கான பி.கு. இன்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் மழை வராது என்று சொன்னேன், எனக்கு எப்படித் தெரியும்? குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன், முழு மனதோடு சொல்லவில்லை. அந்தக் கடைசி விஷயம் இயந்திரச் சத்தத்தையும் மீறி மனைவி காதில் விழும். அவள் ஊசியில் நூல் கோத்தபடி சிரித்துக்கொள்வாள். அவர் எழுதி எழுதி ஒதுக்கிப் போட்ட திருத்தக் கடிதங்களின் பின்பக்கத்தில்தான் அவள் சட்டைகளுக்கு அளவு வரைந்து வெட்டுவாள். அந்தத் தெருப் பிள்ளைகளின் காலர் பலவும் இவருடைய மனசாட்சியை வைத்து வெட்டியவைதான்.

இப்படிப்பட்ட ஆளுக்கு அலுவலகம் கொடுத்த வேலையைப் பாருங்கள். ஓய்வூதியம் வாங்குகிற முதியவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். நடக்க முடிந்தவர்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். படுக்கையில் இருப்பவர்களை இவர் வீடு தேடிப் போய்ப் பார்த்து, உயிர்வாழ் சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'மேற்படி நபரை இன்று நான் நேரில் கண்டேன். அவர் உயிருடன் உள்ளார்.' இவ்வளவுதான் வாசகம். மற்றவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இவர் கட்டில் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். முகத்தைப் பார்க்க வேண்டும், பெயரை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். காது கேளாத ஒரு பெரியவருக்கு இவர் எழுதிக் கொடுத்தது இன்னும் அலுவலகத்தில் பேச்சு: 'பி.கு.: பெயரைக் கேட்டதற்குத் தலையசைத்தார். வேறு ஏதோ கேட்பதாக நினைத்து அசைத்திருக்கவும் கூடும்.'

புதிதாக வந்த பிரிவுத் தலைவி இவரைவிடப் பதினைந்து வயது இளையவர், கறார்ப் பேர்வழி. அந்தச் சான்றைப் பார்த்துவிட்டு இவரைக் கூப்பிட்டார். பி.கு. உள்ள சான்று செல்லாது, மேலிடம் திருப்பி அனுப்பிவிட்டது, பெரியவரை மறுபடியும் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கிறது என்று சொன்னார். கடைசியாக, "ஒண்ணு பார்த்தீங்க, இல்லை பார்க்கலை. நடுவுல ஒண்ணும் கிடையாது. இனிமே சான்றுல ஒரு பி.கு.கூட இருக்கக் கூடாது," என்றார். நடுவில்தான் தன் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சரி மேடம் என்று வந்துவிட்டார்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு பிற்பகல், ஓய்வூதியம் வாங்கும் ஒரு கிழவியம்மாவைப் பார்க்க அவளுடைய மகளான ஒரு டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் நடுவயதுக்காரி, பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டுப் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். கதவைத் திறந்தவளின் கண் சிவந்து கிடந்தது. உதட்டில் விரலை வைத்து அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மூன்று நாளாக இருமல், அம்மாவும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை, இப்போதுதான் இருமல் நின்று கண்ணயர்ந்திருக்கிறார்கள், எழுப்ப வேண்டாமே சார் என்று கிசுகிசுத்தாள்.

அவர் அறை வாசலிலேயே நின்று பார்த்தார். கிழவியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வெள்ளை முடி தெரிந்தது, ஒரு காது தெரிந்தது, போர்வைமேல் ஒரு கை தெரிந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை, பெயரைக் கேட்கவில்லை. எழுப்பினால் மறுபடி இருமல் தொடங்கும், இந்தப் பெண் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவாள் என்று பட்டது. கூடத்துக்கு வந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நாற்பது என்று நேரம் போட்டு, நேரில் கண்டேன் என்பதற்குக் கீழே கையெழுத்திட்டார். பி.கு. எழுதப் பேனா தானாகவே கீழே இறங்கியது. பிரிவுத் தலைவியை நினைத்து மூடியை மாட்டினார். தெருவில் நடக்கும்போது மனசு லேசாக இருந்தது. ஒருவருக்கு இரக்கம் காட்டினோம் என்ற சந்தோஷம், வேறென்ன.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே கடைநிலை ஊழியர் செய்தி சொன்னார். அவர் டீச்சர் வீட்டுத் தெருக்காரர். நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்த்தால் அந்த அம்மா போயிருக்கிறார், டாக்டர் வந்து பார்த்துவிட்டு உயிர் பிரிந்து இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும் என்று சொன்னாராம். பின்குறிப்பு கையில் இருந்த பையை மேஜைமேல் வைக்க மறந்து அப்படியே நின்றார். ஆறிலிருந்து இரண்டைக் கழித்தால் நான்கு. மூன்றைக் கழித்தால் மூன்று. மூன்று நாற்பது இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

பிரிவுத் தலைவியிடம் ஓடினார். அவர் சான்றை எடுத்துப் பார்த்துவிட்டு, சம்பந்தப்பட்டவரே இல்லாதபோது இந்தச் சான்றால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, கோப்பை மூடியாயிற்று, இது வெறும் குப்பை என்றார். குப்பையாக இருந்தாலும் அதில் என் கையெழுத்து இருக்கிறதே மேடம் என்று இவர் சொன்னதற்கு, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். ஊர் உலகத்துக்கு அது குப்பைதான். மேலே எழுதிக்கொண்டிருக்கிறவருக்கு? செத்துக் கிடந்த ஒருத்தியை உயிருடன் உள்ளார் என்று எழுதிக் கொடுத்தோமா? அறை வாசலில் நிற்கும்போது உள்ளே இருந்தது மனுஷியா, பிணமா? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் அந்த ஒரு காதும் ஒரு கையும்தான் கண் முன்னால் வந்தன.

திருத்தக் கடிதம் எழுதினார். 'என் சான்று பிழையாக இருக்கலாம்' என்று ஒரு படி. இருக்கலாம் என்பது உண்மையா, நழுவலா? கிழித்தார். 'பிழை' என்று ஒரு படி. அப்படி எழுதினால் அந்தப் பெண் பிணத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கியதாக ஆகிறதே? அதையும் கிழித்தார். மூன்றாவது படியில் நடந்ததை நடந்தபடி எழுதி, கடைசி வரிக்கு இடம் விட்டு வைத்தார். டீச்சரிடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு நிரப்ப வேண்டியதுதான் என்று முடிவு செய்து, மனைவியிடம் சொன்னார்.

மனைவி இயந்திரத்தை நிறுத்தினாள். "நாலு நாளைக்கு முன்னாடி அம்மாவைப் பறிகொடுத்தவகிட்ட போய், உங்கம்மா அப்ப உயிரோட இருந்தாங்களான்னு கேட்கப் போறீங்களா?"

"தெரிஞ்சுக்காம இருக்க முடியலை."

"ஊசி போற இடமெல்லாம் பார்க்கறீங்க, உலக்கை போற இடம் கண்ணுக்குத் தெரியலை. போங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா யாருக்காகப் போறீங்கன்னு ஒரு தடவை நினைச்சுப் பார்த்துட்டுப் போங்க. அந்தப் பொண்ணுக்காகவா, உங்களுக்காகவா?"

முப்பது வருஷ இல்லறத்தில் அவள் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. சுருக்கென்று தைத்தது. என்றாலும் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

டீச்சர் வீட்டில் கட்டிலை மடக்கிச் சுவரோடு சாய்த்திருந்தார்கள். மருந்துப் புட்டிகள் எல்லாம் ஓர் அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தன. டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கண் அன்றைக்கு இருந்ததைவிட மோசமாக இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த கேள்வியை எடுக்க அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"நல்லவேளை நீங்களே வந்தீங்க சார். நானே உங்க ஆபீசுக்கு வரணும்னு இருந்தேன். அன்னைக்கு நீங்க போனதும் அம்மா கட்டில் பக்கத்துல தரையில படுத்தேன். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். எழுந்து பார்க்கறப்ப மணி ஆறு. அம்மா கை சில்லுன்னு இருந்துச்சு."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"டாக்டர் ரெண்டு மூணு மணி நேரம் ஆயிருக்கும்னு சொன்னாரு. அப்படின்னா நீங்க வந்தப்பவே போயிருப்பாங்களோன்னு நினைப்பு வருது. தூங்கறாங்க, எழுப்பாதீங்கன்னு நான்தானே சொன்னேன். இருமல் நின்னுடுச்சேன்னு சந்தோஷப்பட்டேன் சார். ஏன் நின்னுச்சுன்னு பக்கத்துல போய்ப் பார்க்கலை." அவள் அழவில்லை. "யாரைக் கேட்டாலும் ஆறுதலுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க அப்படிச் சொல்ற ஆள் இல்லை. உங்களைப் பார்த்து எல்லாரும் சிரிக்கறாங்க, ஆனா பார்க்காததைப் பார்த்தேன்னு நீங்க சொல்லமாட்டீங்கன்னும் எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் கேட்கறேன். நீங்க பார்த்தப்ப அம்மா உயிரோட இருந்தாங்களா?"

அவர் கேட்க வந்த கேள்வி. வரி மாறாமல் அதே கேள்வி.

'தெரியாது' என்பதுதான் உண்மை. அந்த வார்த்தையைச் சொல்லித்தான் அவர் வாழ்க்கை முழுவதும் நிம்மதியாகத் தூங்கினார். அது நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் தான் எழுந்து சுத்தமாக வீட்டுக்குப் போகலாம், இவள் இந்த மடக்கிய கட்டிலுக்கு எதிரே மிச்ச ஆயுளுக்கும் உட்கார்ந்திருப்பாள் என்பது உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்தது. அந்தப் பெண்மேல் அவருக்கு அப்படி ஒரு பரிதாபம் வந்தது. கூடவே ஒரு வெட்கம். நாலு நாளாகத் தன் கையெழுத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த ஆளுக்கு, இப்படி ஒருத்தி இங்கே உட்கார்ந்து செத்துக்கொண்டிருப்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே.

நழுவ ஒரு வழியும் தெரிந்தது. அன்று போர்வையின் ஓரம் அசைந்தது. மின்விசிறிக் காற்றாக இருக்கலாம், மூச்சாக இருக்கலாம். 'போர்வை அசைஞ்சுதும்மா' என்று சொல்லிவிட்டால் போதும். பொய் இல்லை, அவளுக்கும் ஆறுதல், தனக்கும் பாவம் இல்லை. ஆனால் தன்மேல் துளி அழுக்குப் படாமல் கொடுக்கிற ஆறுதல் என்ன ஆறுதல் என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. இந்தப் பெண் கேட்டது போர்வையைப் பற்றி இல்லை.

"இருந்தாங்கம்மா," என்றார். "மூச்சு சீரா வந்துக்கிட்டு இருந்துச்சு. நான் பார்த்தேன். நல்லா நிம்மதியா தூங்கிக்கிட்டு இருந்தாங்க."

"நிஜமாவா சார்?"

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே."

அப்போதுதான் அவள் அழுதாள். முகத்தைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். அவர் எழுந்து போகாமல், என்ன செய்வதென்றும் தெரியாமல், அழுது முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். புறப்படும்போது அவள் வாசல்வரை வந்தாள். இன்றைக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது சார் என்றாள்.

ஆள் அதோடு மாறிவிட்டார் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அடுத்த வாரமே குழாய் இணைப்புக்கான விண்ணப்பத்தில் ஒரு பி.கு. எழுதி, குழாய்க்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து, காகிதத்தில் இருந்த தேதிப்படி ஏழு மாதம் முன்கூட்டியே ஓய்வு பெற்றபோது, கடைசிப் படிவத்தின் அடியிலும் தாயார் சொல்லக் கேள்விப்பட்டது இடம்பெற்றது. பிரிவுத் தலைவி அதை வாய்விட்டுப் படித்து, எல்லோரும் சிரித்து, அவரும் சிரித்து, அப்படியே வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

ஆனால் டீச்சர் வீட்டிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் அவர் மூலை நாற்காலியில் உட்கார்ந்து பிரார்த்தனையை முடித்தார். அடுத்த பத்து நிமிஷத்துக்காக மனைவி இயந்திரத்தைக் கொஞ்சம் மெதுவாக மிதித்தாள். அவர் வழக்கம்போல் முணுமுணுக்கவில்லை. சுவரைப் பார்த்து, பேச்சுவாக்கில் சொல்வது போலச் சொன்னார்: "நான் சொன்னது என்னன்னு உனக்குத் தெரியும் சாமி. தப்புன்னா உன் ஏட்டுல நீயே திருத்திக்கோ. நான் திருத்தறதா இல்லை."

எழுந்து, சட்டைப் பையில் இருந்த கடிதத்தை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அவள் கடைசி வரி காலியாக இருப்பதைப் பார்த்தாள். அதைத் திருப்பிப் போட்டு, பென்சிலை எடுத்துக் குழந்தைச் சட்டை ஒன்றுக்குக் கழுத்து வரைய ஆரம்பித்தாள்.